புது வீட்டு இன்டீரியர்: பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

பழைய வீட்டில் பாதுகாப்பு கண்ணுக்குத் தெரியும். ஜன்னலில் இரும்புக் கம்பி, கதவில் தாழ்ப்பாள், வாசலுக்கு நேரே மெயின் போர்டு. இப்போது கட்டும் ஃபிளாட்டுகளில் அதெல்லாம் 'லுக்கைக் கெடுக்கிறது' என்று ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கிறது. கிரில் இன்விசிபிள் ஆகிவிட்டது, கதவில் சாவித் துவாரம் இல்லை, டிபி பாக்ஸ் (அறைகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் ஸ்விட்ச் பெட்டி) ஓவியத்துக்குப் பின்னால் போய்விட்டது. பொருள்கள் மோசம் என்று சொல்லவில்லை; பல நல்ல பொருள்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நாம் அதை வேறோர் ஆபத்துக்கும் காவல் என்று நம்பி வாங்குகிறோம். இல்லையென்றால், திருடனைத் தடுக்கும் வேகத்தில் நாமே வெளியே வர வழியில்லாமல் செய்துகொள்கிறோம். தவறுகளில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இன்விசிபிள் கிரில்

மேலும் கீழும் அலுமினியச் சட்டம் பதித்து, நடுவே நைலான் உறை போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளை இழுத்துக் கட்டுகிறார்கள். கம்பியின் கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். குழந்தையோ பூனையோ விழாமல் இருக்க இது போதும், திருடனுக்குப் போதாது. நல்ல கட்டர் ஒன்று கையில் இருந்தால் சில நிமிட வேலை. ஏழாவது மாடிக்குச் சரி. தரைத்தளத்திலும் முதல் தளத்திலும் இருந்த இரும்புக் கிரில்லைக் கழற்றிவிட்டு இதைப் போடுவதுதான் தவறு.

அடுத்தது இடைவெளி. கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலம் விட்டால் செலவு குறையும், பார்வைக்கும் திறப்பாக இருக்கும். ஆனால் கம்பி வளைந்து கொடுக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். குழந்தை இரண்டு கையாலும் விலக்கித் தலையை நுழைத்தால் 4 அங்குலம் இன்னும் விரியும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் 2 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம்.

பெசன்ட் நகர், ஈசிஆர், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடமென்றால் '316 கிரேடு' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 கிரேடை விட இது உப்பைத் தாங்கும்; இதில் மாலிப்டினம் சேர்த்திருக்கிறார்கள். கம்பியை மட்டும் 316-இல் போட்டு, சட்டத்தைச் சுவரோடு பிடிக்கும் ஸ்க்ரூவைச் சாதா இரும்பில் போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. ஒரு வருடம் கழித்துக் கம்பி சட்டத்துக்குள் நுழையும் முனையை உற்றுப் பாருங்கள். நைலான் உறை அங்கேதான் முடிகிறது. பழுப்புக் கோடு அங்கேதான் முதலில் தெரியும். கம்பி தொய்ந்திருந்தால் திரும்ப முறுக்கிவிடச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறை இது தேவைப்படும்.

கிரில் போடாதவர்களுக்கும் ஒன்று. பால்கனிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி பெஞ்ச் போடுவது, பெரிய செடித் தொட்டிகளை அடுக்குவது இப்போதைய ஃபேஷன். கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒட்டி 45 சென்டிமீட்டர் உயரத்தில் பெஞ்ச் போட்டால், அதன்மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கு மிச்சமிருக்கும் சுவர் 55 சென்டிமீட்டர். பெஞ்சை வீட்டுச் சுவர்ப் பக்கம் போடுங்கள். காபி குடிக்க அதுவும் நல்ல இடம்தான்.

இரும்புக் கிரில்காரர்களும் தப்பவில்லை. வீட்டின் எல்லா ஜன்னலையும் திறக்கவே முடியாதபடி வெல்டிங் வைத்து மூடிவிட்டால், வாசல் பக்கம் தீப்பிடித்த நாளில் வெளியேற வேறு வழி இல்லை. கீழ்த்தள வீடுகளில் ஒரு ஜன்னலிலாவது கீல் வைத்துத் திறக்கும் பகுதி வேண்டும். உள்பக்கம் பூட்டு, அதன் சாவி பக்கத்துச் சுவரில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில். சாவியை பீரோவில் வைத்தால் அந்தத் திறப்பு இருந்தும் பயனில்லை.

டிஜிட்டல் லாக்

டிஜிட்டல் பூட்டுகளில் பெரும்பாலானவை நான்கு ஏஏ ஆல்கலைன் பேட்டரியில் ஓடுகின்றன. தீரும் முன் நாள்கணக்கில் எச்சரிக்கும். அந்தச் சத்தத்தை வீட்டில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். மாற்றுவது யார் என்பதில்தான் பிரச்சினை. முழுதாகத் தீர்ந்தாலும் வெளிப்பக்கம் 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிவைக்கவோ யுஎஸ்பி சொருகவோ பல மாடல்களில் இடம் உண்டு. உங்கள் பூட்டில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துவையுங்கள். பூட்டோடு ஒரு சாதாரணச் சாவியும் கொடுப்பார்கள். அதைப் பத்திரமாக வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, வெளியே நின்று பூட்டுக்காரருக்குப் போன் போடுவது அடிக்கடி கேள்விப்படும் கதை. ஒரு சாவி வெளியே, நம்பிக்கையானவர் கையில் இருக்கட்டும்.

பாட்டியின் விரலை எத்தனை முறை வைத்தாலும் பூட்டு திறக்காமல் போகலாம். வருடக்கணக்கில் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை மங்கியிருக்கும். அவர்களுக்குக் கார்டு அல்லது எண் வைத்துக் கொடுங்கள். கம்பெனியிலிருந்து வந்த 1234 வகையறா எண்ணை முதல் நாளே மாற்றுங்கள்.

எதைவிடவும் முக்கியம், உள்ளேயிருந்து திறப்பது. கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை, வீடெல்லாம் புகை: அப்போதும் கைப்பிடியை அழுத்தினால் கதவு திறக்க வேண்டும். நல்ல பூட்டுகள் அப்படித்தான் வருகின்றன. அதன்மேல் ஒரு சேஃப்டி கிரில் கேட் போட்டு, ராத்திரி உள்பக்கம் திண்டுக்கல் பூட்டையும் மாட்டி, சாவியை படுக்கையறை அலமாரியில் வைப்பவர்கள் அந்த வசதியைத் தாமே அழித்துக்கொள்கிறார்கள்.

பூஜை யூனிட்

எனக்கு இன்டீரியரில் உண்மையிலேயே பயம் தரும் இடம் இதுதான். பிளைவுட் பெட்டி, பின்னால் ஃப்ளூட்டட் பிவிசி பேனல், நடுவில் அக்ரிலிக்கில் வெட்டிய ஓம், அதற்குப் பின்னால் ஸ்ட்ரிப் லைட், மேலே சாமான் வைக்க ஒரு ஷெல்ஃப். போட்டோவில் கோயில் மாதிரி இருக்கும். அதற்குள் நாம் ஏற்றப்போவது எரியும் திரி.

சுடரின் சூடு பக்கவாட்டில் அதிகம் போகாது. நேரே மேலே போகும். ஒரு விரற்கடை உயரச் சுடர்தானே என்று தோன்றும். ஒரு முழ உயரத்தில் தடுப்பு இருந்தால் அந்தப் பலகை மணிக்கணக்கில் சூடு வாங்கிக்கொண்டே இருக்கும். முதலில் லேமினேட் பழுப்பாகும், பிறகு உப்பும். பிவிசி இளகி நெளியும். தீப்பிடித்தால் அதன் புகை மோசமானது. கார்த்திகையன்று ஒரே தட்டில் பத்து அகல் வைக்கும்போது கணக்கே வேறு. வாஸ்து பார்க்க ஆள் வைக்கிறோம். திரியிலிருந்து மேலே என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்க யாரும் இல்லை.

செய்யக்கூடியது கஷ்டமும் இல்லை. விளக்கு வைக்கும் தளம் கிரானைட்டாகவோ மார்பிளாகவோ இருக்கட்டும். விளக்குக்குப் பின்சுவரில் கல் அல்லது டைல் ஒட்டிவிடுங்கள். பேனல் ஆசையைப் பக்கங்களில் தீர்த்துக்கொள்ளலாம். விளக்குக்கு நேர் மேலே ஷெல்ஃப் வேண்டாம். வெளியே இழுக்கும் தட்டில் விளக்கு வைத்தால் சூடு பெட்டிக்குள் தங்காது, ஆனால் நடக்கிற வழியில் இருந்தால் புடவைத் தலைப்பு படும். அதனால் தட்டு நடைபாதைக்குள் நீளாத இடமாகப் பாருங்கள். விளக்கு எரியும்போது ஜாலிக் கதவைச் சாத்தாதீர்கள். எண்ணெய் பாட்டில், கற்பூரம், தீப்பெட்டி மூன்றையும் விளக்குக்கு நேர் கீழே உள்ள டிராயரில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

சீலிங்குக்கு மேலே, பேனலுக்குப் பின்னே

ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒளி வழிவதுபோல் கோவ் லைட் போடுகிறோமே, அதற்கு டிரைவர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. வீட்டுக் கரண்டை 12 அல்லது 24 வோல்ட்டாக மாற்றுவது அதன் வேலை. சூடாகும், பெரும்பாலும் லைட்டுக்கு முன்னால் அதுதான் கெடும். அதை ஜிப்சத்துக்குள் வைத்து மூடி பட்டி பார்த்துவிட்டால், கெட்ட நாளில் சீலிங்கை உடைக்க வேண்டும். டிரைவர் இருக்கும் இடத்தில் திறந்து பார்க்க ஒரு சின்னக் கதவு கேளுங்கள். சீலிங்குக்கு மேலேதானே என்று ஒயரைப் பைப் இல்லாமல் போட்டு, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போகவும் விடாதீர்கள். எலிக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஃபேன் கொக்கி கான்கிரீட்டில்தான் இருக்க வேண்டும், சீலிங்கின் சட்டத்தில் அல்ல.

டிபி பாக்ஸை ஓவியத்துக்குப் பின்னால் மறைப்பதில் தப்பில்லை. செருப்பு அலமாரிக்குள் வைத்து முன்னால் சாமான் அடுக்குவதுதான் தப்பு. எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். இன்னொன்று: டிபி பாக்ஸில் வரிசையாக இருக்கும் எம்சிபி ஸ்விட்ச் இருந்தால் ஷாக் அடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது லோடு அதிகமானால், ஷார்ட் ஆனால் விழும், ஒயரைக் காக்கும். ஆளைக் காப்பது, கரண்ட் கசிந்தால் உடனே விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுக்கும் எலக்ட்ரீஷியனை அடுத்த முறை கூப்பிட வேண்டாம். கீசரிலோ மழையில் நனையும் வெளி விளக்கிலோ கசிவு இருக்கலாம். அதைத்தான் தேட வேண்டும்.

கிச்சன்

மாடுலர் கிச்சனில் சிலிண்டரைக் கேபினட்டுக்குள் வைத்து மூடுகிறோம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கேபினட் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளை இல்லையென்றால் அது உள்ளேயே சேரும். கேஸ் டிடெக்டர் வாங்குபவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: அழகாக இருக்கும் என்று சீலிங்கில் மாட்டுகிறார்கள். சிலிண்டர் வீட்டில் அது தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாய் கேஸ் வந்த வீட்டில் நேர்மாறு. அது மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே ஏறும், டிடெக்டரும் மேலே. சிலிண்டர் வீட்டில் கேஸ் வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்த ஸ்விட்ச்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் சுரக்ஷா டியூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். கேபினட்டுக்குள் கண்ணில் படாமல் இருப்பதால் அது மறந்துபோகிறது.

கண்ணாடி, தரை, பாத்ரூம்

டஃபன்ட் கிளாஸ், அதாவது சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி, உடையாது என்பது விற்பவர் வாக்கு. உடையும், கத்தி மாதிரி நீளத் துண்டுகளாக இல்லாமல் சின்னச் சின்னதாகச் சிதறும். பாத்ரூம் தடுப்புக்கு அது போதும். மாடிப் படியிலும் பால்கனியிலும் கைப்பிடியாக நிற்கும் கண்ணாடிக்கு அது போதாது. உடைந்த நொடியில் அங்கே தடுப்பே இருக்காது. அங்கெல்லாம் நடுவில் படலம் வைத்த லேமினேட்டட் கேளுங்கள். உடைந்தாலும் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆத்தங்குடி டைல்ஸ் திரும்ப வந்திருப்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ண சிமெண்டை ஊற்றிச் செய்வதால் பாலிஷ் போடாமலே பளபளப்பு வந்துவிடுகிறது. அதே காரணத்தால் பாத்ரூமுக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வாசலுக்கும் அது வேண்டாம். ஹாலில் போடுங்கள், ஆசை தீரப் போடுங்கள். ஈர இடத்துக்கு டைல் வாங்கும்போது ஆர்10, ஆர்11 என்ற குறியீட்டைக் கேளுங்கள்; எண் கூடக் கூட வழுக்கல் குறையும்.

கறுப்பு மேட் நிறத்தில் கைப்பிடிக் கம்பிகள் இப்போது அழகாகவே வருகின்றன, ஆஸ்பத்திரி மாதிரி இல்லை. ஆனால் பாத்ரூம் சுவர் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள லேசான சிமெண்ட் கல்) என்றால் சாதா பிளக் பிடிக்காது. வழுக்கிய ஆளின் முழு எடையும் அதில் தொங்கும். துளைக்குள் பசை ஊற்றிப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர் போடச் சொல்லுங்கள். டவல் ராடு கைப்பிடி ஆகாது. கதவும் உள்பக்கமாகத் திறந்தால், விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவும், வெளியிலிருந்து காசை வைத்துத் திருகித் திறக்கும் தாழ்ப்பாளும் போடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. உயரமான புத்தக அலமாரியைச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் படிக்கட்டுக்கு அடியில் காற்றில்லாமல் மூடாதீர்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். எலக்ட்ரிக் ஸ்கூட்டரையோ அதன் பேட்டரியையோ வாசலை அடைத்துக்கொண்டு சார்ஜ் போட வேண்டாம். தீயணைப்பான் அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல, கிச்சன் வாசலில்.

இதையெல்லாம் இன்டீரியர்காரரிடம் வாயால் சொன்னால் காற்றோடு போகும். கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்: கிரில் கம்பியின் கிரேடும் இடைவெளியும், எந்த இடத்துக்கு எந்தக் கண்ணாடி, டிரைவருக்குத் திறப்பு எங்கே, கேபினட்டில் காற்றுத் துளை, பூஜைத் தளத்தின் கல். 'பிரீமியம் குவாலிட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் திருப்பிக் கொடுத்து விவரமாக எழுதிவரச் சொல்லுங்கள்.