யாழ்ப்பாணத்தில் இருந்து நடிக்கத் தொடங்குவது எப்படி: ஒரு நாடக ரீச்சர் சொல்வது

ஏ.எல். சோதனை முடிந்த கையோடு வகுப்புப் பிள்ளைகளில் ஒருவராவது வந்து கேட்பார்: "ரீச்சர், எனக்கு நடிக்க விருப்பம். எங்கை போய் ஆரைக் கேக்கிறது?" கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடும். டொக்டராகப் போகிறேன் என்று சந்தியில் நின்று சொல்லலாம். நடிக்கப் போகிறேன் என்று வீட்டுக்குள்கூடச் சொல்லப் பயப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பகலில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் ஒத்திகைக்குப் போகிறேன். மேடையில் நடிக்கிறேன், கூப்பிட்டால் குறும்படங்களிலும் நடிக்கிறேன். இத்தனை காலமும் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. கொழும்புக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவதற்கு முன்னால் இந்த ஊரிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டு போகிறவரை எளிதில் யாரும் ஏமாற்ற முடியாது.

மேடையில் தொடங்குங்கள்

எல்லார் கையிலும் கமரா இருக்கிற காலத்தில் எதற்கு மேடை என்று கேட்பீர்கள். இங்கே ஆட்களைத் தொடர்ந்து பழக்குகிற இடம் மேடைதான். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியபோது, உடலையும் குரலையும் பழக்கியபிறகே பாத்திரத்துக்குள் போவது என்ற வழக்கம் இங்கே ஊன்றியது. 2025 தை மாதம் அவர் காலமானார். அவரிடம் பழகியவர்களும், அவர்களிடம் பழகியவர்களும் இன்றைக்கும் பள்ளிக்கூடங்களிலும் குழுக்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

எங்கே போவது? 1965இல் மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இருக்கிறது. தவக்காலத்தில் அவர்கள் போடுகிற, இயேசுவின் திருப்பாடுகளைச் சொல்லும் நாடகத்துக்கு ஆட்கள் நிறையத் தேவைப்படும், புதியவர்களுக்கு அது நல்ல வாசல். செயல் திறன் அரங்க இயக்கம் என்ற நாடகக் குழு இருக்கிறது. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கிலும், ரவுணில் வீரசிங்கம் மண்டபத்திலும் நாடகம் என்று கேள்விப்பட்டால் போய்ப் பாருங்கள். முடிந்த பிறகு உடனே வெளிக்கிடாமல் நின்று, நடித்தவர்களோடு கதையுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். நாடகப் போட்டிகள், களப்பயிற்சிகள் பற்றிய கடிதங்கள் அவருடைய மேசைக்குத்தான் வரும். அவரிடம் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவையுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

குழுவுக்குப் போன முதல் நாளே பாத்திரம் கேட்க வேண்டாம். பிரதி பிடிக்கிற வேலையைக் கேளுங்கள். ஒத்திகையில் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, நடிகர் மறந்தால் எடுத்துக்கொடுக்கிற வேலை அது. ஒருவரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் அதைச் செய்கிறவருக்கு எல்லாருடைய வசனமும் பாடமாகிவிடும். ஒரே வரியை நெறியாளர் ஏன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார், நடிகர் எந்த இடத்தில் தடக்குப்படுகிறார், எங்கே மௌனம் வேலை செய்கிறது என்பதெல்லாம் கண் முன்னால் நடக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த நாள் மேடையில் நிற்கக்கூடியவரும் அவர்தான். என் மாணவி ஒருத்திக்கு முதல் பெரிய பாத்திரம் அப்படித்தான் வந்தது.

குரலுக்குக் கூத்துக்காரரிடம் போங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் தென்மோடிக் கூத்தை அறிந்த அண்ணாவிமார், அதாவது கூத்துப் பழக்குகிறவர்கள், இருக்கிறார்கள். மைக் இல்லாத காலத்தில் விடியவிடியப் பாடி ஆடிய பரம்பரை அது. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து இசைநாடகத்தில் அரிச்சந்திரனாக நின்று பாடினதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். அந்தப் பாட்டு உங்களுக்கு வேண்டாம் என்றாலும் அந்த மூச்சு வேண்டும். அடிவயிற்றில் மூச்சை எடுத்து, ஒரு வசனத்தை முடிக்கும்வரை அதைக் கையிருப்பில் வைத்திருக்கப் பழக வேண்டும்.

புதியவர்கள் அநேகமாக எல்லாரிடமும் நான் காண்கிற குறை, வசனத்தின் கடைசியை விழுங்குவது. தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. "நான் அவரை நேற்றுச் சந்தையில்..." என்றதுவரை கணீரென்று சொல்லிவிட்டு, கண்டேனா, காணவில்லையா, அடித்தேனா என்பதை வாய்க்குள் போட்டுவிட்டால் பின்வரிசைக்குக் கதையே போய்ச் சேராது. வீட்டில் பழகலாம். முற்றத்தின் ஒரு மூலையில் நீங்கள், மற்ற மூலையில் தம்பியோ தங்கச்சியோ. கத்தாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு வசனத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு கிழமை செய்தால் வித்தியாசம் உங்களுக்கே கேட்கும்.

உங்கள் பேச்சைக் கைவிட வேண்டாம்

சினிமாவுக்குப் போகவேண்டும் என்றவுடன் பிள்ளைகள் சென்னைத் தமிழில் கதைக்கத் தொடங்குகிறார்கள். அது எனக்கு மனவருத்தம் தருகிறது. தமிழ்நாட்டுப் படங்களில் ஈழத்துப் பாத்திரம் வரும்போது அந்தப் பேச்சைக் கேட்டு நாங்கள் முகம் சுளிக்கிறோம் அல்லவா? அந்த இடத்தைச் சரியாக நிரப்பக்கூடியவர் நீங்கள்தான். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்த பிரெஞ்சுப் படம் 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. அந்தப் படத்தின் பெரும்பகுதி எங்கள் தமிழில்தான் பேசப்படுகிறது.

அதற்காக மற்றப் பேச்சுகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மட்டக்களப்பு, மலையகம், மன்னார், சென்னை எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தைப் படிப்பதுபோலத் தனித்தனியாகப் படியுங்கள். அந்த ஊர் ஆள் ஒருவர் கதைப்பதை அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போனில் பதிந்து, சொற்களைவிட இழுவையையும் நிறுத்தத்தையும் கவனியுங்கள். உங்கள் அம்மம்மாவையும் ஒருநாள் பதிந்து கேளுங்கள். கோபத்தில் அவர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

போனில் ஒரு நடிப்புத் துண்டு எடுத்துவையுங்கள்

இப்போது குறும்படம் எடுக்கிற பெடியள் முதலில் கேட்பது, "அக்கா, ஒரு வீடியோ அனுப்புங்கோ." ரிக்ரொக்கில் பாட்டுக்கு வாயசைத்ததை அனுப்பினால் அவர்களுக்கு ஒன்றும் தெரிய வராது. இப்படிச் செய்யுங்கள்.

காலையில் வெயில் நேராக உள்ளே விழாத யன்னலைப் பார்த்து நில்லுங்கள். வெளிச்சம் முகத்துக்கு வரவேண்டும், முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். கலண்டர், சாமிப்படம், ஆணியில் தொங்குகிற உடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். போனைக் கண் மட்டத்துக்கு, கிடையாக வையுங்கள். மேசைக்கு மேல் ஸ்டூல், அதற்குமேல் நாலு கொப்பி வைத்தால் போதும். நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரியட்டும். ஃபானை நிறுத்துங்கள், அதன் சத்தம் வசனத்தை விழுங்கும். கோயில் லவுட்ஸ்பீக்கர் ஓயும்வரை காத்திருங்கள்.

முதலில் பெயர், வயது, உயரம், ஊர், என்னென்ன மொழி கதைப்பீர்கள் என்பதைச் சாதாரணமாகச் சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டு முகம் இரண்டும். அப்புறம் ஒரு நிமிடத்துக்குக் காட்சி. மற்றப் பாத்திரத்தின் வசனத்தைச் சொல்ல ஒருவரைக் கமராவுக்கு ஒட்டினாற்போல நிறுத்தி, அவருடைய கண்ணைப் பாருங்கள், லென்ஸைப் பார்க்க வேண்டாம். அவர் போனுக்குப் பக்கத்தில் நிற்பதால் மெதுவாக வாசிக்கட்டும், இல்லாவிட்டால் அவருடைய குரல்தான் பெரிதாகக் கேட்கும்.

அழுகிற காட்சியைத் தெரிவுசெய்ய வேண்டாம். எல்லாரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். ஒரு செய்தியைக் கேட்டுக்கொண்டு நிற்கிற காட்சி நல்லது. உதாரணமாக, கனடாவிலிருந்து அண்ணன் போனில் கதைக்கிறான், வீட்டை விற்கப் போகிறேன் என்கிறான், நீங்கள் "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்கிறீர்கள். அந்த ஒவ்வொரு ஓமும் வேறுவேறாக விழுகிறதா என்பதில் நடிப்புத் தெரிந்துவிடும். மேடையில் பழகியவர்கள் இங்கே கையையும் குரலையும் நன்றாகக் குறைக்க வேண்டும். கமரா உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பின்வரிசை என்று ஒன்று அங்கே இல்லை.

காசு, சாப்பாடு, வேலை

உண்மையைச் சொல்கிறேன்: இங்கே நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது மிகவும் கடினம். குறும்படம் என்றால் பல வேளைகளில் மத்தியானச் சாப்பாடும் பெற்றோல் காசும்தான். அதனால் இன்னொரு வருமானம் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சண்முகலிங்கம் சேரே ஆசிரியராக இருந்தவர்தான். நாடகமும் அரங்கியலும் பாடத்தை ஏ.எல்.லுக்கு எடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ பட்டம் படிக்கலாம். பிறகு பள்ளிக்கூட வேலைக்குப் போக வழி இருக்கிறது. ரியூசன், வானொலி அறிவிப்பு, விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது, வீடியோ எடிட்டிங் எல்லாம் ஒத்திகை நேரத்தோடு ஒத்துப்போகும் வேலைகள்.

சம்பளம் இல்லாமல் நடிக்க ஒத்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரிய ஒப்பந்தம் தேவையில்லை, வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும்: எத்தனை நாள், போக்குவரத்து யார் பொறுப்பு, காசு உண்டென்றால் எவ்வளவு, எப்போது, நான் நடித்த காட்சிகளின் வீடியோ எனக்குக் கிடைக்குமா. வெளிநாட்டிலிருந்து வந்து படம் எடுத்த ஒருவர், எங்கள் பெடியள் பத்துப் பதினைந்து பேரை வெயிலில் நிற்கவைத்து எடுத்துவிட்டு, காசும் கொடுக்காமல் படத்தையும் காட்டாமல் போய்விட்டார். அவர்களிடம் காட்ட ஒரு வரி எழுத்துக்கூட இருக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்காரரோடு வாதாட வேண்டாம். அம்மாவையும் அப்பாவையும் ஒரு நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருத்துங்கள். நாடகம் முடிந்து பக்கத்து வீட்டு மாமி "உங்கடை பிள்ளை நல்லாச் செய்தவ" என்று சொன்னால், நீங்கள் ஒரு வருடம் சொல்லி விளங்கவைக்க முடியாதது அந்த ஒரு வார்த்தையில் விளங்கிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு

நடிகர் தேர்வு பகலில், நாலு பேர் வந்துபோகிற இடத்தில் நடக்க வேண்டும். ஹோட்டல் அறை என்றால் போகாதீர்கள். முதல் சந்திப்புக்கு அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முகம் கோணுகிற இயக்குநரிடம் உங்களுக்கு வேலை இல்லை. உடை, தொடுகை, நெருக்கமான காட்சி எல்லாம் படப்பிடிப்புக்கு முன்னரே பேசி முடிவாகியிருக்க வேண்டும், அந்த இடத்தில் வைத்துப் புதிதாகக் கேட்டால் மறுக்கலாம். ஒத்திகை பிந்தினால் வீட்டில் கொண்டுபோய் விடுவது குழுவின் பொறுப்பு. நான் இருக்கிற குழுவில் இதைக் கேட்டு வாங்கினோம், பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

கொழும்பும் சென்னையும்

தமிழ்த் தொலைக்காட்சி வேலை பெரும்பாலும் கொழும்பில்தான். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு நேர்முகத்துக்கென்று இரவு பஸ் ஏறுவதானால், இரண்டு மூன்று இடங்களோடு முன்கூட்டியே கதைத்து ஒரே பயணத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். சிங்களம் தெரிந்தால் வாய்ப்பு விரியும்.

சென்னைக்குப் பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது, 2023 ஐப்பசியில் காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் தொடங்கியது. போவது முன்னரைவிடச் சுலபம். ஆனால் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்க முடியாது. அந்த வேலைக்கான விசாவைப் படத்தை எடுக்கிறவர்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். "முதலில் வாங்க, பிறகு பார்ப்போம்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். அதேபோல, வாய்ப்புக்குக் காசு கேட்கிறவரையும். பதிவுக் கட்டணம், அட்டைக் காசு, போட்டோ எடுக்கக் காசு என்று பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். நடிகருக்குக் காசு வரவேண்டும், அவரிடமிருந்து போகக்கூடாது. என்னிடம் படித்த ஒரு பெடியனின் தாய் இதற்காகச் சங்கிலி அடகுவைக்கப் போனா. நல்லவேளை, நகைக்கடை வாசலில் என்னைக் கண்டு விஷயத்தைச் சொன்னா.

2015 முதல் யாழ்ப்பாணத்திலேயே சர்வதேச சினிமா விழா நடந்துவருகிறது. இயக்குநர்கள் எங்கள் ஊருக்கு வந்து எங்களோடு ஒரே மண்டபத்தில் இருக்கிற நாட்கள் அவை. படம் பாருங்கள், கேள்வி கேளுங்கள். முதல் படம் எடுக்கிற உங்கள் வயதுப் பிள்ளைகளை அங்கே சந்திக்கலாம். அடுத்த பத்து வருடத்துக்கு உங்களைக் கூப்பிடப் போகிறவர்கள் அவர்கள்தான்.

முதல் செய்தியை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். "சேர் சான்ஸ் தாங்கோ" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். உங்கள் குறும்படம் பார்த்தேன், கிணற்றடிக் காட்சி மனதில் நிற்கிறது. நான் மானிப்பாயில் இருக்கிறேன், வயது 20. இரண்டு மேடை நாடகங்களில் நடித்திருக்கிறேன், மோட்டார் சைக்கிள் ஓடுவேன், பாடுவேன். ஒரு நிமிட வீடியோ இணைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு முழுநாளும் வரலாம்." இதில் பொய் ஒன்றும் இருக்கக்கூடாது. படத்தை உண்மையில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள்.