கிரெடிட் கார்டு தர மறுத்துவிட்டார்களா? அடுத்த வங்கிக்குப் போகுமுன் உங்கள் கடன் வரலாற்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

"தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை" என்று மெசேஜ் வந்ததும் நம்ம பக்கம் பலரும் அதே வாரம் இன்னொரு வங்கியில் போய் விண்ணப்பிக்கிறார்கள், அங்கேயும் இல்லை என்றால் போனில் வருகிற ஏதாவது ஆப்பில் விவரத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும்போதெல்லாம் அந்த வங்கி உங்கள் கடன் வரலாற்றை எடுத்துப் பார்க்கும், எடுத்ததும் அது ‘என்கொயரி’ என்று பதிவாகிவிடும். ஒரே மாதத்தில் நாலைந்து என்கொயரி விழுந்தால், இந்த ஆள் பணத்துக்கு அலைகிறார் என்றுதான் அடுத்த வங்கி நினைக்கும்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் மாதா மாதம் ஒரே தேதியில் சம்பளம் வருகிற வீடுகள் குறைவு. வங்கியின் கணக்கு முழுக்க மாதத் தவணையை வைத்துத்தான் ஓடுகிறது. இது இரண்டும் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

கார்டு விண்ணப்பத்தை நிராகரித்தால், என்ன காரணம் என்று குறிப்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிமுறையில் இருக்கிறது. "உள் விதிகளின்படி" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், வங்கிக்கு ஈமெயில் போட்டுக் கேளுங்கள். ஏனென்றால் எல்லா நிராகரிப்பும் ஸ்கோரால், அதாவது கடன் வரலாற்றை வைத்துப் போடுகிற மதிப்பெண்ணால், வருவது இல்லை. உங்கள் பின்கோடுக்கு அந்த வங்கி கார்டே கொடுப்பதில்லை என்றும் இருக்கலாம், வருமானச் சான்று போதவில்லை என்றும் இருக்கலாம். அப்படியானால் ஸ்கோரை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

படி 2: ரிப்போர்ட்டை எடுங்கள், இலவசமாக

எல்லோரும் ‘சிபில்’ என்றே சொல்கிறோம், ஆனால் நம் கடன் வரலாற்றைத் திரட்டி ரிப்போர்ட்டாகத் தருகிற நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை ஸ்கோருடன் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். சிபில் இணையதளத்தில் இலவச ரிப்போர்ட் என்ற இணைப்பைத் தேடி, பெயர், பான் எண், பிறந்த தேதி, பின்கோடு, மொபைல் எண் கொடுத்து, ஓடிபி போட்டால் திறக்கும். நடுவில் மாதச் சந்தா வாங்கச் சொல்லித் திரை வரும், அது வேண்டாம், தாண்டிப் போங்கள். குழுக்கடன் வாங்கியவர்கள் கிரிஃப் ஹை மார்க் ரிப்போர்ட்டையும் கட்டாயம் எடுங்கள், மைக்ரோ ஃபைனான்ஸ் விவரங்கள் அங்கே நிறைய இருக்கும்.

நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று சொல்வது தவறு. குறையவே குறையாது. ஆனால் பிரவுசிங் சென்டரில் எடுப்பதாக இருந்தால் கூடவே உட்கார்ந்திருங்கள், ஓடிபியை நீங்களே போடுங்கள், பிரிண்ட் எடுத்ததும் கம்ப்யூட்டரில் இறக்கிய ஃபைலை அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பான், முகவரி, எல்லாக் கடன் விவரமும் அதில் இருக்கிறது.

படி 3: முதல் பக்கத்தில் பெயர் சரியா?

எல்லோரும் நேரே ஸ்கோருக்குத் தாவுவார்கள். பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, போன் நம்பரை முதலில் பாருங்கள். நம்ம ஊர்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் அப்பா பெயர் விரிந்து பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. கீழக்கரையில் ஒரே தெருவில் எத்தனை முகமது, தங்கச்சிமடத்தில் எத்தனை அந்தோணி! பெயரும் ஊரும் ஒத்துப்போய் வேறொருவர் கடன் உங்கள் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் வாங்காத கடன், போகாத வங்கி, தெரியாத முகவரி எது இருந்தாலும் பேனாவால் வட்டம் போடுங்கள். பழைய சிம் நம்பர் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 4: கட்டம் கட்டமாக இருக்கிற பகுதி

இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு கடனுக்குக் கீழேயும் மாத வாரியாகக் கட்டங்கள் இருக்கும், அதிகபட்சம் 36 மாதங்களுக்கு. அதில் ‘டிபிடி’ என்று போட்டிருக்கும் எண், அந்த மாதம் தவணை எத்தனை நாள் தாமதம் என்பதைக் காட்டுகிறது. 000 என்றால் பாக்கி இல்லை. எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் வங்கி அந்த மாத விவரத்தை அனுப்பவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

விசைப்படகில் கடலுக்குப் போகிற ஒருவர் பைக் கடன் வாங்கியிருக்கிறார், தவணை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் இருந்த காசை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டு ஏப்ரல் தவணையை விட்டுவிட்டார். அவர் ரிப்போர்ட்டில் ஏப்ரல் கட்டத்தில் 025, மே கட்டத்தில் 056, ஜூன் கட்டத்தில் 086. ஜூலை தொடக்கத்தில் மீன்பாடு நன்றாக வந்து எல்லாத்தையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டார், ஜூலை 000. அவரைப் பொறுத்தவரை கடன் நேர். ஆனால் அந்த மூன்று எண்களும் அப்படியே நிற்கும், கார்டு கொடுக்கிற வங்கி அதைத்தான் பார்க்கும். 90 நாளைத் தாண்டியிருந்தால் வாராக்கடன் கணக்கிலேயே போயிருக்கும், அவர் தப்பியது சில நாள் இடைவெளியில்.

இதில் கவனிக்க வேண்டியது, எண் ஓடுவது இருப்பதிலேயே பழைய பாக்கியிலிருந்து. மே மாதத்தில் எப்படியாவது ஏப்ரல் தவணை ஒன்றை மட்டும் கட்டியிருந்தால் கணக்கு மே 5-லிருந்து தொடங்கும், மே கட்டத்தில் 026 என்றுதான் விழும். மூன்றையும் சேர்த்துக் கட்டலாம் என்று காத்திருப்பதைவிட ஒன்றைக் கட்டுவது எவ்வளவோ மேல். அதைவிட நல்லது, மார்ச் மாதமே கிளைக்குப் போய் மேலாளரிடம் "சார், ரெண்டு மாசம் தொழில் இருக்காது, தவணைத் தேதியையோ அளவையோ மாத்தித் தர முடியுமா" என்று கேட்டு, மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்வது. எல்லா வங்கியும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தவணை தவறிய பிறகு கேட்பதற்கும் தவறுமுன் கேட்பதற்கும் மரியாதையே வேறு.

படி 5: நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்கிறவை

‘செட்டில்டு’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். வசூலுக்கு வருகிறவர் "அண்ணே, பாதி கட்டுங்க, முடிச்சு விட்டுர்றோம்" என்பார். முடிப்பார்கள், ஆனால் ரிப்போர்ட்டில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். முழுசாகக் கட்டவில்லை என்று அதற்கு அர்த்தம். முடிந்தால் மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்கிற நோ டியூஸ் கடிதம் வாங்கி, பதிவை மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் ஜாமீன். மச்சானுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ கையெழுத்துப் போட்ட கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் வரும், அவர் கட்டாவிட்டால் அடி உங்களுக்கும்தான். குழுக்கடனில் நீங்கள் ஒழுங்காகக் கொடுத்த பணம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் இருந்தாலும் பாக்கி உங்கள் பெயரில்தான் நிற்கும், அதனால் வாரா வாரம் அட்டையில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்குங்கள் அக்கா.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் எடுத்த கார்டை அலமாரியில் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள், ஆண்டுக் கட்டணம் விழும், வட்டி ஏறும், மெசேஜ் போவது செத்துப்போன சிம்முக்கு. போகுமுன் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி.

படி 6: தப்பு இருந்தால் புகார்

ரிப்போர்ட்டில் இருக்கும் கண்ட்ரோல் நம்பரைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ‘டிஸ்ப்யூட்’ பகுதியில் புகாரைப் பதியுங்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் அதையே எழுதுங்கள், ரசீது, நோ டியூஸ் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட் எது இருக்கிறதோ அதைச் சேர்த்து. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு, 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448.

"சிபிலைச் சரிசெய்து தருகிறோம், ஐயாயிரம் கொடுங்கள்" என்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தப்பான பதிவை நீங்களே காசில்லாமல் திருத்தலாம், சரியான பதிவை எவராலும் அழிக்க முடியாது.

படி 7: ரிப்போர்ட்டே காலியாக இருந்தால்

ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. அதற்குப் பதில் மைனஸ் ஒன்று அல்லது ‘என்எச்’ என்று வந்தால் உங்களுக்கு வரலாறே இல்லை என்று பொருள். சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) அட்வான்ஸ் வாங்கி வருடக்கணக்காக நேர்மையாகக் கழித்தவர், தண்டல்காரருக்கு ஒருநாள் தவறாமல் கட்டியவர், இவர்கள் நாணயம் ஊருக்கே தெரியும், ஆனால் அந்தக் கணக்கு எதுவும் இங்கே வருவதில்லை. எனக்கு இதில் மனசு ஆறுவதே இல்லை.

இதற்கு எளிய வழி, கணக்கு இருக்கிற வங்கியில் ஒரு சிறு வைப்புநிதி போட்டு அதன்பேரில் கார்டு கேட்பது. வைப்புநிதியே ஈடாக இருப்பதால் ஸ்கோர் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்து, ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டாமல் முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டி வாருங்கள். வரலாறு தானாக உருவாகும்.

படி 8: மறுபடி விண்ணப்பிக்கும்போது

திருத்தம் ரிப்போர்ட்டில் ஏறியதைப் பார்த்த பிறகு, சில மாதம் விட்டு, ஒரே ஒரு வங்கியில். உங்கள் வரவு செலவு ஓடுகிற வங்கியாக இருந்தால் நல்லது. சம்பளச் சீட்டு இல்லாத கருவாட்டு வியாபாரி, சிப்பிக் கடைக்காரர் எல்லாம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதன் நகலைக் கொடுங்கள். ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். சரிபார்க்க வங்கியிலிருந்து போன் வரும், ஆளும் வீட்டுக்கு வரலாம். நீங்கள் கடலில் இருக்கும்போது டவர் கிடைக்காது, எடுக்காத போனை வைத்தே ஃபைலை மூடிவிடுவார்கள், அதனால் கரையில் இருக்கிற நாட்களாகப் பார்த்து விண்ணப்பம் போட்டு, வீட்டில் இருக்கிறவர்களிடமும் "வங்கியிலிருந்து ஆள் வந்தால் இந்த விவரம் சொல்லுங்க, ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க" என்று சொல்லி வையுங்கள்.