மார்பகப் புற்றுநோய் சிகிச்சை: வீட்டில் நடக்கும் தவறுகள்

கட்டியைக் கவனிக்காமல் விடாதீர்கள், டாக்டர் சொன்ன தேதியைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இங்கே அது கிடையாது. கீமோ வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், போன வருஷம் அதே கட்டிலில் படுத்தவர்கள் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். அவற்றில் முக்கால்வாசி இரண்டு தேதிகளுக்கு நடுவே, வீட்டில், நல்லது நினைக்கும் சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்கும்போது நடப்பவை.

காய்ச்சலுக்கு வீட்டிலேயே மாத்திரை

கீமோ ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலே அவசரம்தான். பாராசிட்டமால் போட்டால் சூடு இறங்கும், கிருமி அப்படியே இருக்கும். 'விடியட்டும், பார்க்கலாம்' என்று படுத்தவர் விடியும்போது ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பார். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் காய்ச்சலை மறைக்கக்கூடியது. ஆகவே சூடே இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். முதலில் அளந்து பாருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், அவர்கள் சொன்னால் மட்டும் மாத்திரை. தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவது இன்னொரு வழக்கம். ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறைந்திருக்கும் நேரத்தில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டும், அதனால் நோய்த்தொற்றும் போகாது. கேஷுவாலிட்டியில் 'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். 'மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ ஓடுகிறது, இன்று பத்தாவது நாள், காய்ச்சல் 101' என்று முழுசாகச் சொல்லி, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும்.

வெள்ளை அணுவை ஏற்றும் ஊசியை ஊருக்கு வாங்கிப்போகிறவர்கள் கவனிக்க: கீமோ முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் அதைப் போட வேண்டும். வைக்க வேண்டிய குளிர் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனால் மருந்து வீண். பப்பாளி இலைச்சாறு இந்த ஊசிக்கு மாற்றாகாது.

'கையை அசைக்காதே, தையல் பிரிஞ்சிடும்'

அக்குளில் நெறிக்கட்டுகளை எடுத்தபின் வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை இது. கேட்டு நடந்தால் ஒரு மாதத்தில் தோள் இறுகிவிடும். அதன் விலை கதிர்வீச்சுக்குத் தேதி கொடுக்கும்போதுதான் தெரியும். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, அளவெடுக்கும் சிடி ஸ்கேன் மேஜையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தூக்க முடியாதவரை ஃபிசியோதெரபிக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதில் சில வாரங்கள் போகும்.

ஆபரேஷனுக்கு மறுநாளே விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்குவது, தோளைச் சுழற்றுவது. டிரெய்ன் குழாய் இருக்கும்வரை கை தோள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். அந்தக் குழாயில் வரும் நீரைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். எடுத்தபின், சர்ஜன் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறிப்போய், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு தடவைக்கு 5 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று தடவை. கோடு வாராவாரம் மேலே போக வேண்டும். இழுப்பது போலிருந்தால் பரவாயில்லை, குத்தும் வலி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நெறிக்கட்டு எடுத்த பக்கம் நிணநீர் தேங்கிக் கை வீங்கியதும் எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவார்கள். நிணநீர் வீக்கத்துக்கு அந்த அழுத்தம் ஆகாது. அதற்கான மசாஜ் தோலை மட்டும் மெல்ல நகர்த்துவது, பயிற்சி பெற்றவரிடம்தான் கற்க வேண்டும். மாதம் ஒருமுறை இரு கைகளிலும் ஒரே இடங்களில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் உடனே காட்டுங்கள். கை சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தால் அது தோலில் ஏறிய நோய்த்தொற்று, அன்றைக்கே ஆன்டிபயாடிக் வேண்டும். அந்தக் கையால் இனி குடமே தூக்கக் கூடாது என்பதும் பழங்கதை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன.

கரண்ட் வைக்கும் தோலில் மஞ்சள், பவுடர்

வேண்டாம். மையில் போட்ட குறியைத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம்.

'எல்லாம் முடிஞ்சுது' என்று மாத்திரையை நிறுத்துவது

எரிச்சலே வரவழைப்பது இதுதான். முடி கொட்டி, நகம் கறுத்து, வாய்ப்புண்ணோடு கஞ்சி குடித்து எட்டு கீமோவைத் தாங்கியவர், தினம் ஒரு சின்ன மாத்திரையை ஏழாம் மாதம் விட்டுவிடுகிறார். கடைசிக் கதிர்வீச்சு முடிந்ததும் கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்தி, வீடே மூச்சுவிடுகிறது. அதற்கப்புறம் எழுதித் தரும் மாத்திரை கால்சியம், இரும்புச்சத்து டப்பாக்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதையும் ஒரு சத்து மாத்திரை என்று நினைத்துவிடுகிறார்கள்.

பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர் அல்லது பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் ஏற்பிகள்) பாசிட்டிவ் என்று இருந்தால், அந்தக் கட்டி பெண் ஹார்மோனால் வளர்வது. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்சிஃபென் 20 மில்லிகிராம், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் அல்லது அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம். தினம் ஒன்று, குறைந்தது 5 ஆண்டு. ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு 7 முதல் 10 ஆண்டு வரை நீளும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்கின்படி, இந்த வகை நோயில் சுமார் 5 ஆண்டு டமாக்சிஃபென் எடுப்பது மார்பகப் புற்றுநோயால் இறப்பதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அந்தப் பலன் மாத்திரை முடிந்த பிறகும், தொடங்கியதிலிருந்து 15 ஆண்டு வரை நிற்கிறது. இவ்வளவு மலிவான ஒரு மருந்து இவ்வளவு செய்வது புற்றுநோய் மருத்துவத்தில் அபூர்வம்.

நிறுத்திய மறுநாள் கெட்டது எதுவும் நடக்காது என்பதால்தான் ஏமாந்துபோகிறார்கள். மூட்டுவலி போகும், தூக்கம் வரும், 'விட்டதே நல்லது' என்று தோன்றும். இந்த வகை நோய் 15, 20 ஆண்டு கழித்தும் எலும்பில் தலைகாட்டக்கூடியது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் வரும் காரணங்கள் சிலவே. ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

உடம்பு குப்பென்று எரிந்து வியர்ப்பது: மாத்திரை சாப்பிடும் நேரத்தைக் காலையிலிருந்து இரவுக்கோ, இரவிலிருந்து காலைக்கோ மாற்றிப் பாருங்கள். அடங்காவிட்டால் வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்றவை உண்டு, டாக்டர் எழுத வேண்டும். மனச்சோர்வுக்காக வேறொரு டாக்டரிடம் போனால் டமாக்சிஃபென் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். பரோக்சிடின், ஃப்ளூவாக்சிடின் இரண்டும் டமாக்சிஃபெனை உடம்பு செயலுக்குக் கொண்டுவரும் வழியை அடைக்கின்றன. தினமும் தவறாமல் விழுங்கியும் மருந்து அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

மூட்டுவலி: லெட்ரோசோலில் முதல் சில மாதங்களில் தொடங்கும், காலையில் விரல்கள் மடங்காது. வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் தசைப்பயிற்சியும் வலியைக் குறைக்கும். வைட்டமின் டி அளவைப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் இடைவெளி கொடுத்து அதே வகையில் வேறொரு மாத்திரைக்கு மாற்றினால் பலருக்குச் சரியாகிறது. அந்த இடைவெளியை டாக்டர்தான் கொடுக்க வேண்டும். எலும்பும் தேயும் என்பதால் தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் ஒன்று எடுங்கள். உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது.

கர்ப்பப்பைப் புற்றுநோய் பயம்: மாதவிலக்கு நின்றவர்களுக்கு டமாக்சிஃபெனால் அந்த ஆபத்து கொஞ்சம் கூடுவது உண்மை. அதற்கு அறிகுறி ரத்தக்கசிவு. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் போய்க் காட்டுங்கள். கசிவே இல்லாமல் வருஷாவருஷம் வயிற்று ஸ்கேன் எடுத்தால் இந்த மாத்திரையால் உள்சுவர் தடித்துத் தெரியும், அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் குப்பையில் போடுவதுதான் மிஞ்சும். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அது வேறு விஷயம். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஓட வேண்டும்.

மாதவிலக்கு: கீமோவில் நின்றது நிரந்தரமாக நின்றதாகாது. நாற்பது வயதுக்காரருக்கு ஓராண்டு கழித்தும் திரும்பலாம். சினைப்பை விழித்திருக்கும்போது லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டால் அது சினைப்பையைத் தூண்டிவிடும். குழந்தையின்மை சிகிச்சையில் இதே மாத்திரையைத்தான் அதற்காகக் கொடுக்கிறார்கள். அதனால்தான் கூடவே சினைப்பையை அடக்கும் கோசெரலின் 3.6 மில்லிகிராம் ஊசி, 28 நாளுக்கு ஒருமுறை. கல்யாணம், திருவிழா என்று அதைப் பத்துப் பதினைந்து நாள் தள்ளினால் மாத்திரையும் சேர்ந்து வீணாகிறது. கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை கூடாது, காப்பர்-டி அல்லது ஆணுறை.

குழந்தை ஆசைக்காக நிறுத்துவதை மட்டும் ஒரேயடியாகத் தவறு என்று சொல்ல முடியாது. 18 முதல் 30 மாதம் சாப்பிட்டபின் இரண்டு ஆண்டு வரை இடைவெளி விட்டவர்களுக்கு முதல் சில ஆண்டுகளில் நோய் கூடுதலாகத் திரும்பவில்லை என்று 2023இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. ஆனால் அது தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம், மருந்து உடம்பை விட்டுப் போக மூன்று மாதம் காத்திருந்து, பிறகு மாத்திரையை மீண்டும் தொடங்கும் திட்டத்தோடு நடந்தது. டாக்டருக்குத் தெரியாமல் நிறுத்திக் கருத்தரிப்பது இதில் சேராது. டமாக்சிஃபென் கருவைப் பாதிக்கும்.

தீர்ந்துபோய் விட்டுப்போவது: இதற்கு மன்னிப்பே கிடையாது. அட்டையில் பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போது அடுத்ததை வாங்குங்கள். பணம்தான் தடை என்றால் அரசு மருத்துவமனையிலும் மக்கள் மருந்தகத்திலும் கேளுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிட வேண்டாம், ஒன்றே போதும்.

கீமோ நாட்களில் பத்தியம்

முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்தினால் எடை இறங்கும், ரத்த அணுக்கள் ஏறாது, அடுத்த கீமோ தள்ளிப்போகும். 60 கிலோ எடைக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான்.

கீமோ ஏறும்போது எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது

சிவப்பு மருந்து, அதாவது டாக்சோரூபிசின், நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே அழிக்கும். எரிந்தால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள், தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். பிறகு சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம், பயமில்லை.

வருஷத்துக்கு ஒரு பெட் ஸ்கேன்

அறிகுறி இல்லாதவருக்குத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், டாக்டர் கையால் சோதிப்பது, இவை போதும். பணம் மிச்சம், வீண் பயமும் மிச்சம்.

ஃபைலைத் தொலைப்பது

பயாப்சி ரிப்போர்ட், ஈஆர், பிஆர், ஹெர்2 (கட்டியின் அணுக்களில் பார்க்கும் ஒரு புரதம்) முடிவுகள், ஒவ்வொரு கீமோவிலும் ஏறிய மருந்தின் அளவு, கதிர்வீச்சு சம்மரி. இவற்றின் நகலும் போனில் போட்டோவும் இருக்கட்டும். டாக்சோரூபிசினுக்கு ஆயுள் முழுக்க ஒரு உச்ச அளவு உண்டு, தாண்டினால் இதயம் பலவீனமாகும். பத்து வருஷம் கழித்து வேறு ஊர் டாக்டர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.