ஒயில் சொட்டும் இடமும் கசியும் இடமும்

காலையில் முற்றத்துச் சீமெந்தில் ஒரு கறுப்புத் துளியைக் கண்டதும், அதற்கு நேர் மேலே இருக்கும் நட்டை இறுக்கிவிடுவதே வீட்டில் மோட்டார் சைக்கிள் திருத்துபவர்கள் செய்யும் முதல் தவறு. அது பெரும்பாலும் ஒயில் வடிக்கும் நட்டாக இருக்கும். அது இறங்கும் புரியோ மென்மையான அலுமினியத்தில் வெட்டப்பட்டது. அளவுக்கு மீறி இறுக்கினால் புரி உரிந்து, சில ரூபாய் வோஷருடன் முடிய வேண்டிய வேலை எஞ்சினைக் கழற்றும் வேலையாகிவிடும்.

ஒயில் கசிந்த இடத்திலேயே சொட்டுவதில்லை. எஞ்சினின் தலைப்பகுதியில் உள்ள தப்பெற் மூடியின் றப்பர் வளையம் காய்ந்து கசியும் ஒயில், ஓட்டத்தில் காற்றால் பின்னே தள்ளப்பட்டு, சிலிண்டரின் விளிம்புகள் வழியே இறங்கி, எஞ்சினின் அடியில் திரண்டு விழும். பக்க ஸ்ராண்டில் வண்டி இடப்புறம் சாய்ந்து நிற்பதால், எங்கிருந்து வந்த ஒயிலும் இடப்பக்கத்துக் கசிவு போலவே தோன்றும். ஆகவே நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி வைத்து, ஈரமாக உள்ள இடங்களில் மிக உயரமானதும் மிக முன்னே இருப்பதும் எது என்றே தேட வேண்டும்.

அழுக்கு மூடிய எஞ்சினில் அதைத் தேடுவது வீண். எஞ்சின் நன்றாக ஆறிய பின் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, உலர்த்தி, முகப் பவுடரை மெல்லத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு ரோச் வெளிச்சத்தில் பார்த்தால், பவுடரில் கறுத்த கோடு தொடங்கும் இடம் தெரியும். கழுவிய மண்ணெண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது. நமது யாழ்ப்பாண நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்; மேலே ஊற்றுவது அதன் வெடிப்புகளினூடாக நாம் குடிக்கும் நீரைச் சேர்ந்துவிடும்.

என்ன திரவம் என்று அறியாமல் வேலையைத் தொடங்குவதும் தவறே. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய நம் மூத்தவர்களுக்கு மூக்கே போதும்; மற்றவர்கள் அடியில் வெள்ளைத் தாள் ஒன்றை இரவு முழுவதும் விரித்து வைத்து, கறையின் நிறத்தைப் பார்க்கலாம். ஐயமிருந்தால் சிரட்டைத் தண்ணீரில் ஒரு துளியை விட்டுப் பாருங்கள்: எஞ்சின் ஒயில் மிதக்கும், வழக்கமான பிறேக் ஒயில் கரைந்துவிடும். சைலன்சரின் சிறு துளையிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீர் பழுதல்ல.

அதிகம் ஏமாற்றும் இடம் இடப்பக்கத்து முன் பற்சக்கர மூடியின் உட்புறம். அங்கே படிந்திருக்கும் கறுப்புப் பசையைச் செயினுக்குப் பூசிய ஒயில் என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பற்சக்கரத் தண்டின் சீல் (ஒயிலை வெளியே விடாமல் தடுக்கும் றப்பர் வளையம்), கியர் தண்டின் சீல், சில வண்டிகளில் கிளச் தள்ளுகோலின் சீல் ஆகியன எல்லாம் அந்த மூடிக்குள்ளேதான் இருக்கின்றன. மூடியைக் கழற்றித் துடைக்காமல் எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. சீல் தேய்ந்திருக்கையில் வெளியே சிலிக்கன் பசை அப்புவதாற் பயனில்லை. மூடிகளின் விளிம்பில் அதை மிகுதியாகப் பூசினால் உள்ளே பிதுங்கி உதிர்ந்து ஒயில் வழியை அடைக்கவும் கூடும்.

பண்ணைப் பாலத்தாலும் காரைநகர் வீதியாலும் நாளும் போய்வரும் வண்டிகளின் முன் ஷொக்கில் ஒயில் வழிந்தால், சீல் வளையத்தை மாற்றுமுன் ஷொக்கின் குழாயை நகத்தால் வருடிப் பாருங்கள். உப்புக் காற்றில் கறள் பிடித்த புள்ளி நகத்தில் தட்டினால், அது புதிய சீல் வளையத்தையும் கிழித்துவிடும்.

காபரேட்டரிலிருந்து பெற்றோல் வழிந்தால் பெற்றோல் ராங்கியின் அடியில் உள்ள குழாய்த் திருகை உடனே மூட வேண்டும். எஞ்சின் ஒயிலின் மட்டம் உயர்ந்து பெற்றோல் மணத்தால், ஒயிலை மாற்றாமல் எஞ்சினை இயக்கக் கூடாது.

பிறேக் ஒயில் குறைந்ததும் நிரப்பிவிட்டு மறப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிறேக் பாட் தேயத் தேய மட்டம் இயல்பாகவே இறங்கும் என்பதால், எங்கும் ஈரமில்லையானால் முதலில் பாட்டின் தடிப்பைப் பாருங்கள். பாட்டை அழுத்தும் கலிப்பரிலோ பிறேக் குழாய் மூட்டிலோ ஈரம் இருந்தால், பக்கத்துக் கடைக்குக்கூட அந்த வண்டியில் போகாமல், கராஜுக்கு உருட்டிக்கொண்டு போங்கள்.