புளூகிராஸ் பயிற்சிக் குழுவில் சேருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கித்தார், பாஞ்சோ, மாண்டலின் போன்ற கம்பிக் கருவிகளோடு பாடப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைவகையான புளூகிராஸைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து, அனுபவமுள்ள ஒரு கலைஞரின் மேற்பார்வையில் சில வாரங்கள் ஒத்திகை பார்த்து, இறுதியில் ஒரு சிறிய மேடையில் வாசிக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. சிகாகோவில் 1957-இல் தொடங்கப்பட்ட ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக் போன்ற பள்ளிகள் குழுவாக வாசிப்பதற்கென்றே வகுப்புகள் நடத்துகின்றன. தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட கம்பிக் கருவியான பாஞ்சோவை வாசிக்கும் கலைஞர் பீட் வெர்னிக் வகுத்த முறையில், பிறரோடு சேர்ந்து வாசித்துப் பழகாதவர்களுக்கான வகுப்புகளும் நடக்கின்றன. வீட்டில் தனியே நன்றாக வாசிப்பவர்கள் பலர் இங்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். விரல்களில் திறமை இல்லாததால் அன்று; குழுவில் தமது வேலை என்ன என்பதைத் தவறாக எண்ணிக்கொண்டு வருவதால்தான் பெரும்பாலும் இப்படி நேர்கிறது.

அவற்றுள் முதன்மையான தவறு, தமக்குரிய தனிவாசிப்பை மட்டும் தயார் செய்துகொண்டு வருவது. கென்டக்கியில் பிறந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ 1939-இல் நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 1945-இல் எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் வாசிக்கும் பாஞ்சோ முறையுடன் அவரது குழுவுக்கு வந்தபோது, இன்று புளூகிராஸ் என்று அறியப்படும் ஒலி முழு உருவம் பெற்றது. இந்த இசையில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது. ஆகவே தாளத்தைச் சுமக்கும் பொறுப்பு எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் கீழ்ச்சுரம் தரும் பெரிய கம்பிக் கருவியான டபுள் பேஸ் 1, 3 ஆகிய இடங்களில் ஒலிக்க, மாண்டலின் 2, 4 ஆகிய இடங்களில் கம்பிகளை மீட்டிய கணமே அடக்கி வெட்டொலி எழுப்ப, கித்தார் அடிக்கம்பியையும் கார்டையும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றி மாற்றி வாசித்து இரண்டையும் இணைக்கிறது. தம் முறை வரும்வரை மாண்டலின்காரர் மனத்துக்குள் தனிவாசிப்பை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், வெட்டொலி தளர்ந்து பாட்டே ஆட்டம் காணும்.

ஒரு பாட்டில் பாடும் பகுதிகளைக் கழித்துவிட்டால், ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் முன்னின்று வாசிக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மீதி நேரம் முழுவதும் அவர் பக்கவாத்தியக்காரர்தான். பாடகர் சொல்லை உச்சரிக்கும்போது ஒலியைக் குறைத்து, அடி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் ஒரு சிறு சொற்கட்டை நிரப்பி விலகும் நாசூக்கை, நம் கச்சேரி மேடையில் நல்ல வயலின்காரரிடம் காண்கிறோமே, அதையேதான் இங்கும் எதிர்பார்க்கிறார்கள். பாஞ்சோ இயல்பிலேயே உரத்த கருவி என்பதால் அதை வாசிப்பவருக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். என் கருத்தில், வீட்டுப் பயிற்சியில் பாதியையாவது பின்னணி வாசிப்புக்கு ஒதுக்காதவர் குழுவுக்கு இன்னும் தயாராகவில்லை.

வேகத்தைப் பற்றிய தவறு இதை அடுத்து வருகிறது. இசைத்தட்டில் கேட்ட வேகத்திலேயே முதல் ஒத்திகையில் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் குழு, ஓரிரு சுற்றுகளுக்குள் சிதறிவிடும். குழுவில் மிகவும் புதியவர் தடுமாறாமல் வாசிக்கக்கூடிய வேகமே அன்றைக்குரிய சரியான வேகம். வீட்டில் தாளத்தைச் சீராக எண்ணித் தரும் மெட்ரோனோம் கருவியின் ஒலியை 2, 4 எண்ணிக்கைகளில் விழுவதாகக் கொண்டு பழகினால், எங்கே முந்துகிறோம் என்பது விரைவில் புலப்படும். தனிவாசிப்பின் நடுவே பிழை நேர்ந்தால் நின்று திருத்தவும் கூடாது. தாளம் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், அடுத்த சுற்றின் தொடக்கத்தில் சேர்ந்துகொள்வதே முறை.

சுருதி விஷயத்தில் பாடுபவரின் குரலுக்கே முதலிடம். தாம் கற்றது ஜி சுருதியில்தான் என்று கருவி வாசிப்பவர் வாதிடுவது முறையன்று. பாடகருக்கு பி சுருதி பொருந்துமானால் எல்லோரும் அங்கே போக வேண்டும். கித்தார்காரருக்கு, கழுத்தில் கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற கவ்வி போதும். பாஞ்சோவில் குட்டையான ஐந்தாம் கம்பிக்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்பதை முன்கூட்டியே கவனிக்காதவர்கள் ஒத்திகை நேரத்தை வீணாக்குகிறார்கள். கார்டுகளை எழுத்தாக மனப்பாடம் செய்யாமல் சுருதியின் எத்தனையாவது சுரத்தில் தொடங்குகிறது என்பதைக் கொண்டு 1, 4, 5 என்று எண்களால் அறிந்திருந்தால் இந்த மாற்றம் எளிது: ஜி சுருதியில் ஜி, சி, டி ஆக இருப்பவை ஏ சுருதியில் ஏ, டி, இ ஆகிவிடும். எந்தக் கம்பியை எங்கே அழுத்துவது என்று தாளில் எழுதிய டேப்லேச்சர் குறிப்பை விட்டுக் கண்ணை எடுக்காதவர்களுக்கு இது கடினம். கண் தாளில் இருந்தால் பயிற்றுநரின் தலையசைப்பையும், அடுத்து யார் வாசிக்க வேண்டும் என்று பாடகர் காட்டும் குறிப்பையும் தவறவிடுவார்கள்.

பயிற்றுநரைத் தம் சொந்த ஆசிரியராகக் கருதி விரல் நுட்பங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதும் தவறு. மற்ற நால்வர் அப்போது கைகட்டி நிற்கிறார்கள். சக உறுப்பினரைத் திருத்தும் வேலையையும் பயிற்றுநரிடமே விட்டுவிட வேண்டும். ஒருவர் பேசும்போது கம்பியைச் சீண்டிக்கொண்டிராமலும், கருவியில் மாட்டி அதன் அதிர்வைக் கொண்டு சுருதி காட்டும் கிளிப் டியூனரால் ஓசையின்றிச் சுருதி சேர்த்தும் இருந்தால் எல்லோருக்கும் நன்மை.

சேர்ந்து பாடும்போது, முதன்மைக் குரலுக்கு மேலே டெனார், கீழே பாரிடோன் என்று யாருக்கு எந்தக் குரல் என்பதை ஒத்திகையின் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். மேடை நெருங்கும்போது புதிய பாடல்களைச் சேர்க்கும் ஆசையும் எழும். அதற்கு இடம் தராமல், எடுத்துக்கொண்ட நான்கைந்து பாடல்களில் யார் தொடங்குகிறார், தனிவாசிப்பு எந்த வரிசையில் நகர்கிறது, எந்தக் குறிப்பில் நிறுத்துகிறோம் என்பவற்றைத்தான் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிப்பதாக இருந்தால், தம் முறை வரும்போது முன்னே நகர்ந்து, முடிந்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு விலகுவதையும் ஒத்திகையிலேயே நடந்து பார்க்க வேண்டும். மாண்டலினின் கழுத்து பக்கத்தில் நிற்பவரின் ஃபிடில் (வயலின்) வில்லில் மோதுவது அங்கேயே தெரிந்துவிடும்.