மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணிப் பாருங்கள்

எந்தச் சாதனம் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, வீட்டு டிஜிட்டல் மீட்டரில் விட்டு விட்டு மின்னும் சிவப்பு விளக்கே போதும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம்) ஓடினால் அத்தனை முறை மின்னும் என்று அர்த்தம். அபார்ட்மென்ட் என்றால், இணைப்பு எண்ணைப் பார்த்து உங்கள் மீட்டர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். செல்போனில் 5 நிமிடம் வைத்து எண்ணுங்கள். 3200 என்று அச்சிட்ட மீட்டரில் விளக்கு 20 முறை மின்னினால் நிமிடத்துக்கு 4. அதை 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 0.075 கிலோவாட், அதாவது 75 வாட். பழைய சீலிங் ஃபேன்கள் கிட்டத்தட்ட இவ்வளவு எடுக்கும். கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேனுக்குப் பாதிகூட வராது.

ஃப்ரிட்ஜுக்கு இந்த வழி சரிவராது. கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்து ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்பதுதான் சரி.

அப்புறம், செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், பல பாக்ஸ்கள் வெதுவெதுப்பாகவே இருக்கும். 10 வாட் என்றாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட் போய்விடும். படுக்கப் போகும்போது சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.