பதினான்காம் லூயி ஓவியம்: எங்கே தப்பாகப் பார்க்கிறோம்?

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஒரே படம்தான். ஓவியர் ஹயசிந்த் ரிகோ 1701-ல் வரைந்தது, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய பொய்முடி, நீல அங்கி, சிவப்புக் குதிகால் செருப்பு. அடிக்கடி கண்ணில் படுவதாலேயே இதைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

இது முடிசூட்டு விழாவில் வரைந்தது என்று நினைப்பது முதல் தவறு. தங்க லில்லிப் பூக்கள் நெய்த நீல வெல்வெட்டும், உள்ளே எர்மின் என்னும் சிறு விலங்கின் வெள்ளை ரோமமும் முடிசூட்டு அங்கிக்கு உரியவைதான். ஆனால் லூயிக்கு முடிசூட்டியது 1654-ல், பதினைந்து வயதில். படத்தில் இருப்பவரோ அறுபதைத் தாண்டியவர். அப்படியானால் ஏன் அந்த வேஷம்? அவருடைய பேரன் ஃபிலிப் அப்போதுதான் ஸ்பெயினின் மன்னராகியிருந்தார். அவருக்குப் பரிசாக அனுப்பத்தான் இதை வரையச் சொன்னார்கள். ஐரோப்பாவின் பல நாடுகள் அந்த வாரிசுரிமையை எதிர்த்துப் போருக்குக் கிளம்பிய நேரம் அது. பார்ப்பவர் மனதில் எந்தப் பரம்பரை பதிய வேண்டும் என்பதை அங்கியே சொல்லிவிடுகிறது. கடைசியில் படம் லூயிக்கு ரொம்பப் பிடித்துப்போய், தன்னிடமே வைத்துக்கொண்டார்!

அடுத்தது, செருப்பையும் காலுறையையும் பார்த்து ‘பெண் மாதிரி’ என்று சிரிப்பது. அன்றைய ஐரோப்பாவில் குதிகால் செருப்பு ஆண்களும் போட்டதுதான். அதிலும் சிவப்புக் குதிகால் பிரெஞ்சு அரசவையில் மேல்குடியின் அடையாளம். லூயி இளமையில் பாலே ஆடியவர், 1653-ல் சூரியனாகவே வேடமிட்டு ஆடினார். அங்கியை விலக்கிக் காலை அப்படி முன்வைத்துக் காட்டுவதில் ஆடியவரின் பெருமை இருக்கிறது.

முழுக்க முகஸ்துதி என்று ஒதுக்குவதும் அவசரம். முகத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கன்னம் ஒட்டி, வாய் உள்வாங்கியிருக்கிறது. மேல்வரிசைப் பற்கள் பலவற்றைச் சிகிச்சையில் இழந்தவரின் முகம் அது. முகத்தை ரிகோ தனிச் சிறு துணியில் வரைந்து, பெரிய துணியில் பொருத்தினார். முகத்துக்குக் கீழே இருக்கும் காலோ இளைஞனின் கால். முதுமை மேலே, இளமை கீழே. அந்தப் பொருத்தமின்மையை மறைக்க ரிகோ பெரிதாக மெனக்கெடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சின்னங்களுக்கு அகராதி போட்டுவிட்டு நகர்வது. கிரீடம் என்றால் ஆட்சி, வாள் என்றால் வீரம், தூணடியில் தராசு ஏந்திய பெண் என்றால் நீதி. சரி, இதெல்லாம் தப்பில்லை. ஆனால் லூயி அவற்றை எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வலது கையைப் பாருங்கள். அதில் இருக்கும் செங்கோல் தாத்தா நான்காம் ஹென்றியுடையது. லில்லிப் பூ வேலைப்பாடு உள்ள தலைப்பகுதி கீழே, மெத்தைமேல் ஊன்றியிருக்கிறது. அதாவது செங்கோலைத் தலைகீழாக, உலாவப் போகும்போது எடுக்கும் கைத்தடியைப் போலப் பிடித்திருக்கிறார். கிரீடம் தலையில் இல்லை. பக்கத்து மெத்தையில், நீதியின் கை என்னும் தண்டத்தோடு சும்மா கிடக்கிறது. இடுப்பில் இருப்பது ஜோயஸ். பழைய பேரரசர் சார்லமேனின் வாள் என்று போற்றப்பட்டு, பிரெஞ்சு முடிசூட்டுகளில் பயன்பட்டது. அதன் கைப்பிடிதான் அங்கி மடிப்புக்கு வெளியே நன்றாகத் தெரிகிறது. புதிதாகப் பதவிக்கு வந்தவர் இதையெல்லாம் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார். முடிசூட்டுக்கு முன்பே, 1643-லேயே மன்னராகி, ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக அரியணையில் இருப்பவருக்கு அது தேவையில்லை.

அப்புறம், கைபேசித் திரையில் பார்த்து அளவை மறந்துவிடாதீர்கள். படத்தின் உயரம் 277 செ.மீ., அகலம் 194 செ.மீ. நேரில் போய் நின்றால் நம் பார்வை விழும் இடம் அவர் முகமாக இருக்காது, அவர் நம்மைக் குனிந்து பார்ப்பது போலத்தான் இருக்கும். பின்னாளில் பதினைந்தாம், பதினாறாம் லூயிகளை வரைந்தவர்களும் இதே அங்கி, இதே நிலை என்று தொடர்ந்தார்கள். அவற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முதலில் செங்கோல் பிடித்த கையை.